ஜூன் பதினான்கு, வேறு வேலை வேண்டாம்

அப்பா இறந்த பதினேழாம் நாளிலிருந்து
கட்டுகளைக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.
குமணன்சாவடி ரஷீதா பீ,
காட்டுப்பாக்கம் தணிகாசலம்,
பெயர் சொல்லாமல் கேட்டுக்கு வெளியே நின்ற ஒருவர்.
குமாஸ்தா சவுரியப்பன் அலமாரியிலிருந்து எடுத்துத் தர
நான் நோட்டில் கையெழுத்து வாங்கினேன்.
நாற்பத்தொரு வருஷம், பூந்தமல்லி முன்சீப் கோர்ட்.
எங்கள் வீட்டு எடையில் பாதி காகிதம்.

கி. தெய்வசிகாமணி, பி.ஏ., பி.எல்.
பலகையில் ‘சி’ ஒரு மழையில் போய்விட்டது.
தெய்வகாமணி சார் என்றே கூப்பிட்டார் புதுத் தபால்காரர்.
திருத்தவில்லை அப்பா.
ரிஜிஸ்தர் தபாலுக்கு மட்டும்
முழுப் பெயரில் கையெழுத்துப் போடுவார்.

பாரிமுனைக்குப் போயிருந்தால்
பெரிய ஆளாகியிருப்பார் என்பார் மாமா.
ஒரே ஒருமுறை போனார்.
சிவப்புக் கட்டடத்தின் தாழ்வாரங்களில் வழி தவறி
கேஸ் கூப்பிட்டு முடிந்த பிறகு போய்ச் சேர்ந்து
பர்மா பஜாரில் ஒரு டார்ச் வாங்கிக்கொண்டு திரும்பினார்.
“அங்க வெளிச்சம் கம்மி” என்றார்.

குரல் எழாது அவருக்கு.
சத்தமாகப் பேசுங்கள் வக்கீல் சார் என்று
சொல்லாத நீதிபதி இல்லை.
தோற்ற வழக்குகள்தான் அதிகமாக இருக்கும்,
நான் எண்ணிப் பார்க்கவில்லை.
ஃபீஸுக்குப் பதில் ஒருமுறை இரண்டு வாத்துகள் வந்தன.
அம்மா அறுக்க விடவில்லை.
மூன்று வருஷம் கிணற்றடியை ஆண்டன அவை,
ஒருவரையும் பாத்ரூம் பக்கம் விடாமல்.

வீட்டில்தான் குறுக்கு விசாரணை.
ரேடியோவின் முள்ளை உடைத்தது யார்?
ஸ்டூல்தான் கூண்டு, அதன்மேல் தம்பி பரிதி.
ஒரே சாட்சி நான்.
“நீ பாத்தியா, பாத்ததா நினைக்கிறியா?”
அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.
சந்தேகத்தின் பலன் எதிரிக்கு.
எதிரி அவர் மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றான்.

அந்த எதிரி பிறந்த வாரம்
அம்மா கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில்.
என் ரிப்பனைக் காணவில்லை, பிரேயருக்கு மணி அடித்துவிடும்.
அப்பாவே பின்னினார், ஒன்று மேலே ஒன்று கீழே.
மேசையிலிருந்த கட்டு ஒன்றை அவிழ்த்து
அந்தச் சிவப்பு நாடாவை இரண்டாக வெட்டி
என் சடைகளை முடிந்தார்.
அன்று கோர்ட்டில் மின்விசிறிக் காற்றில்
பாகப்பிரிவினைக் கேஸ் மொத்தமும் பறந்ததாம்,
அண்ணன் தம்பி இருவருமே
பெஞ்சுக்கடியில் குனிந்து பொறுக்கினார்களாம்.
சவுரியப்பன் இப்போதுதான் சொல்கிறார்.
சமாதானமானார்களா என்றேன்.
“எங்க! பத்து வருஷம் நடந்துச்சு” என்றார்.

அவருடைய கடைசி டைரி
அவர் போன மார்ச்சோடு நிற்கவில்லை.
ஏப்ரலில் ஆறு வாய்தா.
மே விடுமுறை.
ஜூனில் எதிர்வாதியின் பதிலுரை, சாட்சி விசாரணை, கமிஷனர் அறிக்கை.
பதினான்காம் தேதியில் மட்டும்
குறுக்காக, பச்சை மையில்:
கோதைக்குக் கண். எழும்பூர். வேறு வேலை வேண்டாம்.

பாங்கில் லீவு சொன்னேன்.
டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கிடையே ஊர்ந்தது ஆட்டோ.
அம்மா ஒன்றும் பேசவில்லை.
அமைந்தகரை தாண்டியதும்
“நேரத்துக்குப் போயிடுவோமில்ல?” என்றாள்,
அவரிடம் கேட்பதுபோல.

டோக்கன் நாற்பத்திரண்டு.
கதவைத் திறந்து நர்ஸ் கூப்பிட்டாள்,
“பூங்கோதைக்கு யாரு வந்திருக்கீங்க?”

எழுந்து நின்று சொன்னேன்.

“சத்தமா சொல்லுங்கம்மா” என்றாள்.